"வீடு நேற்றே போய்விட்டது" என்றால்

என்னோடு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்யும் கறுப்பினத் தோழி, நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்காகக் காலை 10.10-க்கு ஃபோன் செய்தாள். "அது நேற்றே போய்விட்டது" என்றார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதே எண்ணுக்கு நான் கூப்பிட்டேன். "எப்போது பார்க்க வருகிறீர்கள்?" என்றார் அதே ஆள். குரலை வைத்தே அவளைக் கழித்துக் கட்டிவிட்டார்.

அன்று எங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நீங்கள் அப்படி மாட்டிக்கொள்ளாதீர்கள். விளம்பரத்தை முதலிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பேசி முடித்த கையோடு நேரத்தையும், அவர் சொன்ன சொற்களையும் அப்படியே எழுதி வையுங்கள். "மரியாதையில்லாமல் பேசினார்" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. "வீடு இன்னும் இருக்கிறதா?" என்று ஒரு மெசேஜும் அனுப்பிவிடுங்கள். நியூயார்க்கில் நீங்கள் பேசும் அழைப்பை அவரைக் கேட்காமலே பதிவு செய்யலாம். கலிஃபோர்னியாவில் செய்தால் வம்பு.

அப்புறம், இனத்தைப் பார்த்துத்தான் மறுத்தாரா என்று சோதனை. வேறு இனத்தவர் ஒருவர் அதே சம்பளம், அதே ஆள் எண்ணிக்கை, குடிவரும் அதே தேதி சொல்லிக் கேட்க வேண்டும். நான் தேதியை மாற்றிச் சொல்லித் தொலைத்தேன்; அதுவே அவருக்குச் சாக்காகிவிட்டது. வீட்டுரிமை அமைப்புகளில் இதற்கென்றே பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். சோதிக்கப் போனவரிடம் பொய் சொன்னால் அவரே வழக்குப் போடலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது.

1968-ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டப்படி, மத்திய வீட்டுவசதித் துறையான ஹட்டிடம் 1 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. நீதிமன்றம் போக 2 வருடம் அவகாசம். நியூயார்க் நகரின் உதவி எண்ணான 311-ஐக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். இங்கே யாரும் நிறத்தைச் சொல்லி மறுப்பதில்லை, "செக்‌ஷன் 8 வவுச்சர் எடுப்பதில்லை" என்பார்கள்; வருமானம் குறைந்தவர்களுக்கு வாடகைக்காக அரசு கொடுக்கும் உதவி அது. இந்த ஊரில் அதுவும் குற்றம்தான்; புகாரில் தனியாக எழுதுங்கள்.

வீட்டு உரிமையாளரே குடியிருக்கும், நாலு வீடு வரையுள்ள கட்டடத்துக்கு 1968 சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் இன பேதத்தைத் தடுக்கும் 1866 சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. விளம்பரத்துக்கும் விலக்கு இல்லை. நம் ஆட்கள் பேஸ்மென்டை வாடகைக்கு விடும்போது "இந்தியக் குடும்பத்துக்கு மட்டும்" என்று கூசாமல் போடுகிறார்களே, அதுவும் சட்டவிரோதம்தான்.

புகார் கொடுத்தாயிற்று என்று வீடு தேடுவதை நிறுத்திவிடாதீர்கள். 100 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும் என்பது விதி, பெரும்பாலும் இழுக்கும். தோழி மே மாதமே பக்கத்து ஊரான யாங்கர்ஸுக்குக் குடிபோய்விட்டாள். புகார் இன்னும் நடக்கிறது.