சுகர், தைராய்டு, வைட்டமின் டி: மூன்று ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி?

சுகரோடு தைராய்டு பிரச்சினையும் வைட்டமின் டி குறைபாடும் சேர்ந்தே இருப்பவர்கள் நிறைய. மூன்று ரிப்போர்ட்டும் தனித்தனி ஃபைலில் கிடந்தால், ஒன்று மற்றொன்றைத் தொடுகிற இடம் கண்ணில் படாது. எல்லாவற்றையும் எடுத்து ஒன்றாக வையுங்கள்.

படி 1: டெஸ்டுக்கு முன்

முடி உதிர்வுக்கு பயோட்டின் சாப்பிடுகிறீர்களா? குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். சில லேப் முறைகளில் அது டிஎஸ்எச் (தைராய்டு டெஸ்டில் பார்க்கும் ஹார்மோன்) அளவை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். எச்பிஏ1சி என்ற சுகர் டெஸ்ட், வைட்டமின் டி இரண்டுக்கும் வெறும் வயிறு தேவையில்லை.

படி 2: எண்களைப் படித்தல்

எச்பிஏ1சி கடந்த 2, 3 மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும். பலருக்கு இலக்கு 7 சதவீதத்துக்குக் கீழ். வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைபாடு என்பார்கள். டிஎஸ்எச்சுக்கு ரிப்போர்ட்டிலேயே வரம்பு போட்டிருக்கும்.

தைராய்டு குறைவாகச் சுரக்கும்போது புது சிவப்பணுக்கள் உருவாவது மந்தமாகும். பழைய அணுக்களே அதிகம் இருப்பதால் எச்பிஏ1சி கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். அதனால் வீட்டில் குளுக்கோமீட்டரில் எடுத்த அளவுகளையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

படி 3: மாத்திரை நேரம்

அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். வைட்டமின் டி மாத்திரை பெரும்பாலும் கால்சியத்தோடு சேர்ந்தே வரும். அந்தக் கால்சியம் தைராய்டு மாத்திரையை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். இரண்டுக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். காலை 6 மணிக்குத் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை, 7 மணிக்கு மேல் காபி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்சியம் என்று வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை. இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்குதான்.

படி 4: 60,000 யூனிட்

60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரை பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றுதான், தினமும் அல்ல! காலண்டரில் கிழமையைக் குறித்துவிடுங்கள். தினமும் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு வரை போகலாம். சுகர் இறங்கும் என்று நம்பி அளவைக் கூட்டவும் வேண்டாம். சர்க்கரை நோய் வரும் அபாயத்தில் இருந்த 2,423 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. தினமும் 4,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்தும் நோய் வருவது குறிப்பிடும்படி குறையவில்லை. குறைபாட்டைச் சரிசெய்வது எலும்புக்கும் தசைக்கும் அவசியம், அதற்காகச் சாப்பிடுங்கள்.

படி 5: டோஸ் மாறினால்

தைராய்டு மாத்திரையின் அளவு மாறினால் 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச் மறுபடி பாருங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கு அந்தச் சமயத்தில் இன்சுலின் தேவையும் மாறலாம். அதனால் அந்த வாரங்களில் சுகரை வழக்கத்தைவிட அடிக்கடி பார்த்து எழுதி வையுங்கள்.