செவ்வியல் கிரேக்கப் போர்வீரனைச் சித்திரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைய கிரேக்கப் போர்களைக் கதையாக எழுதுவோரும், அட்டைப்படமாக வரைவோரும், மேடையில் காட்டுவோரும் பெரும்பாலும் ஒரே வீரனைத்தான் நம் கண்முன் நிறுத்துகிறார்கள்: முகத்தை மூடிய வெண்கலத் தலைக்கவசம், அதன் உச்சியில் குதிரைமயிர்க் கொண்டை, தோளில் சிவப்புப் போர்வை, கேடயத்தில் ஒற்றை எழுத்து. இவை ஒவ்வொன்றும் எங்கோ, எப்போதோ இருந்தவைதாம். ஆனால் பாரசீகப் போர்கள் தொடங்கி கி.மு. 323இல் அலெக்சாண்டர் இறந்தது வரையிலான ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் ஆயுதமும் உடையும் பலமுறை மாறின. நகரத்துக்கு நகரம் வேறுபட்டன. எந்த ஆண்டு, எந்த நகரம் என்பதை முடிவு செய்யாமல் தூரிகையை எடுப்பதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதன் வழியே வருகின்றன.

தலைக்கவசத்தையே எடுத்துக்கொள்வோம். கண்ணும் வாயும் மட்டும் தெரியும் கொரிந்திய வகை கி.மு. 8ஆம் நூற்றாண்டில் தோன்றியது. பாரசீகரை எதிர்த்து நடந்த மராத்தான் (490), தெர்மோபிலே (480) போர்களில் அதைக் காட்டினால் குறை சொல்ல முடியாது. காதையும் சேர்த்து மூடியதால் அதை அணிந்தவருக்குக் கட்டளை சரியாகக் கேட்டிருக்காது. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலோபொன்னீசியப் போர் (431–404) நடந்த காலத்தில் முகம் திறந்த வகைகள் பெருகின. குறிப்பாகக் கம்பளித் தொப்பியைப் போன்ற கூம்பு வடிவத் தலைக்கவசம் பரவியது. அப்படியானால் அக்கால ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸின் சிலையில் கொரிந்தியக் கவசம் ஏன் இருக்கிறது என்று கேட்கலாம். படைத்தலைவர் பதவியின் அடையாளமாகச் சிற்பிகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதே விடை. சிலையை நிழற்படமாக எண்ணிக்கொள்வது ஆபத்தானது. குவளை ஓவியங்களில் வீரர்கள் ஆடையின்றிப் போரிடுவதும் இப்படிப்பட்ட கலை மரபுதான்; அதை நம்பி வெற்று மார்போடு ஒரு படையைக் களத்தில் இறக்குவதற்குச் சான்று கிடையாது.

மார்புக் கவசத்தில் தவறு எதிர்த்திசையில் நேர்கிறது. தசைகளைச் செதுக்கிய வெண்கலக் கவசத்தை எல்லோருக்கும் மாட்டிவிடுகிறார்கள். அது வசதி படைத்தவருக்கே எட்டும் பொருள். தோளிலிருந்து இரு பட்டைகளை முன்னே இழுத்துக் கட்டும், இடுப்புக்குக் கீழே வார்கள் தொங்கும் கவசமே பரவலாகக் காணப்படுகிறது. அது லினன் துணியா, தோலா என்ற விவாதம் அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை. குட்டை அங்கியும் தலைக்கவசமும் கேடயமும் மட்டுமே கொண்டு நின்றவரும் பலர். இரும்புப் பட்டைகளை அடுக்கிய கவசமும் நீள்சதுரக் கேடயமும் ரோமப் பேரரசுக்குரியவை. அவற்றுக்கு இங்கே இடமே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, சீருடை இருந்ததாகக் கருதுவது. ஏதென்ஸ் போன்ற நகரங்களில் குடிமகன் தன் கைக்காசில் ஆயுதம் வாங்கினான். கேடயத்தில் தனக்குப் பிடித்த சேவலையோ பாம்பையோ தீட்டிக்கொண்டான். விளைவு களத்தில் தெரிந்தது. கி.மு. 424இல் டீலியம் போரில் எதிரிகளைச் சுற்றி வளைத்த ஏதெனியர், குழப்பத்தில் தங்கள் ஆட்களையே அடையாளம் தெரியாமல் கொன்றதாக வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். நகரத்தின் முதலெழுத்தைக் கேடயத்தில் பொறிக்கும் வழக்கம் சில இடங்களில் இருந்தும் அது முழுப் பாதுகாப்பைத் தரவில்லை. மற்றொரு கிரேக்க வரலாற்றாசிரியரான செனபோன் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று இதற்குப் பொருத்தமானது. கி.மு. 392இல் கொரிந்தின் மதில்களுக்கருகே, தங்கள் கூட்டாளிகளான சிக்யோன் நகரத்தார் பின்வாங்குவதைக் கண்ட பாசிமாக்கஸ் என்ற ஸ்பார்ட்டக் குதிரைப்படைத் தலைவன், குதிரைகளை மரங்களில் கட்டிவிட்டு, சிக்யோனியரின் சிக்மா (கிரேக்க ‘ஸ்’) எழுத்துக் கேடயங்களை வாங்கிக்கொண்டு சிலரோடு முன்னேறினான். எழுத்தைப் பார்த்த எதிரிகளான ஆர்கோஸ் வீரர்கள், வருவது சிக்யோனியர்தானே என்று அஞ்சாமல் நின்றார்கள். “இந்தச் சிக்மாக்கள் உங்களை ஏமாற்றப் போகின்றன” என்று சொல்லிப் பாய்ந்த அவன் அந்தச் சண்டையிலேயே இறந்தான்.

ஸ்பார்ட்டர்களின் சிவப்பு ஆடைக்குச் செனபோனின் சான்று இருக்கிறது. நெருங்கிய வரிசையில் காற்றில் பறக்கும் நீண்ட போர்வை ஓவியரின் ஆசையே. கேடயத்தில் லாம்டா (கிரேக்க ‘ல்’; ஸ்பார்ட்டர்களின் மறுபெயரான லாகெடைமோனியர் என்பதன் முதலெழுத்து) என்பதற்கு நம்மிடம் உள்ள பழைய சான்று, பெலோபொன்னீசியப் போர்க்கால நகைச்சுவை நாடகாசிரியரான யூபொலிஸின் வரி ஒன்றுதான். அதைத் தெர்மோபிலேயில் போரிட்ட ஸ்பார்ட்ட மன்னன் லியோனிடாஸின் கையில் கொடுப்பது ஊகம். உண்மையான ஸ்பார்ட்டக் கேடயம் எப்படியிருந்தது என்று பார்க்க விரும்புவோருக்கு ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவில் 1936இல் கிடைத்த ஒன்று உதவும்: மரம் மட்கி, நசுங்கிய வெண்கல முகப்பு மட்டும் எஞ்சியிருக்கிறது; பைலோஸில் லாகெடைமோனியரிடமிருந்து ஏதெனியர் கைப்பற்றியது என்ற வாசகம் அதன்மேல் புள்ளி புள்ளியாகக் குத்தப்பட்டிருக்கிறது. கி.மு. 425இல் அந்தப் பைலோஸ் சண்டையில் ஸ்பார்ட்டர்கள் சரணடைந்தார்கள் என்ற, அன்றைய கிரேக்கம் நம்ப மறுத்த செய்தியின் பருப்பொருள் சாட்சி அது.

அந்த வட்டக் கேடயம் ஏறத்தாழ 90 செ.மீ. விட்டமுடையது. நடுவிலுள்ள வளையத்தில் முன்கையை நுழைத்து, விளிம்பருகே உள்ள கயிற்றைப் பிடிக்க வேண்டும். எனவே அதன் இடப்பாதி, இடப்பக்கத்தில் நிற்பவனுக்குப் பயன்பட்டது. ஒவ்வொருவனும் தன் வலப்புறத்தானின் கேடய மறைவை நாடியதால் படைகள் வலப்பக்கமாகவே நகர்ந்தன என்று மாண்டினியா போரை (418) விவரிக்கையில் துசிடிடீஸ் விளக்குகிறார். வரிசையை உடைத்துக்கொண்டு தனித்தனியே வாள் சுழற்றும் காட்சி இதோடு பொருந்தாது. முதன்மை ஆயுதம் ஒரு கையால் ஏந்தும், இரண்டு முதல் இரண்டரை மீட்டர் நீள ஈட்டி. அது முறிந்த பிறகே வாள். இரு கைகளால் பிடிக்கும் ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட ஈட்டி இரண்டாம் பிலிப்பின் (359–336) மாசிடோனியப் படைக்குரியது. குதிரைவீரர்களுக்கு அங்கவடி (கால் வைக்கும் வளையம்) வரைவதும் தவறு. அது பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது.

கடற்போர்க் காட்சியில் சங்கிலியால் கட்டிய அடிமைகளைத் துடுப்புப் போட வைப்பதும் வழக்கமாகிவிட்டது. துடுப்புகள் மூன்று வரிசையாக அமைந்த ஒரு போர்க்கப்பலின் ஏறத்தாழ 200 பேரில் 170 பேர் துடுப்பாளர்கள்; ஏதென்ஸில் அவர்களில் பெரும்பகுதியினர் கூலி பெற்ற ஏழைக் குடிமக்களும், குடியேறியவர்களும், அயல்நகரத்தாரும். அடிமைகள் துடுப்புப் பிடித்த நேரங்களும் உண்டு, கி.மு. 406இல் ஆர்கினூசேப் போருக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அதற்காக விடுதலையே கிடைத்தது.

தரையிலும் கனரக வீரர்களை மட்டும் வரைவது பாதிப் படையை அழிப்பதாகும். பாரசீகரை எதிர்த்த பிளாட்டீயா போரில் (479) ஸ்பார்ட்டக் குடிமகன் ஒவ்வொருவனோடும் ஏழு ஹெலாட்டுகள் (ஸ்பார்ட்டாவின் பண்ணையடிமைகள்) வந்ததாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார். கி.மு. 390இல் கொரிந்தின் துறைமுகமான லெக்காயம் அருகே ஏதென்ஸ் படைத்தலைவர் இஃபிக்ரட்டீஸின் இலகு வீரர்கள், சிறு கேடயமும் எறியீட்டியும் மட்டும் கொண்டு, கிட்ட வந்து எறிவதும் துரத்தினால் ஓடுவதுமாகவே இருந்து, ஏறத்தாழ 600 பேர் கொண்ட ஸ்பார்ட்டப் பிரிவில் சுமார் 250 பேரை வீழ்த்தினார்கள்.