வடசென்னையில் இருந்து போர்ட் பிளேர்: சூரியனையும் படகையும் பார்த்துத் திட்டம் போடுங்கள்

அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேருக்குத் திட்டம் போடும்போது ஹோட்டலுக்கு முன்னால் பார்க்க வேண்டியது சூரியனை. சென்னை 80 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, போர்ட் பிளேர் ஏறக்குறைய 92.7 பாகையில். இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் அங்கே சூரியன் நம்மைவிட 50 நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் மாலை 5 மணியை ஒட்டிச் சூரியன் மறைந்து, 5.30க்கு இருட்டிவிடும். ஜூனில் காலை 5 மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். படகுகளும் தீவுகளுக்கான அனுமதிகளும் இந்த வெளிச்சத்தை வைத்துத்தான் நடக்கின்றன. நம் ஊர் பழக்கத்தில் ஒன்பது மணிக்கு டிபன் முடித்துப் பத்து மணிக்குக் கிளம்பினால் பாதி நாள் போய்விடும். காலை 6 மணிக்கு வெளியே இறங்கி, பிற்பகல் 3 மணிக்குள் கடல் வேலையை முடித்துவிடுவதுதான் அந்த ஊருக்கான கணக்கு.

இன்னொன்று, பெயர்க் குழப்பம். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். 2018 டிசம்பரில் ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் ஆனது, ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆனது. மவுண்ட் ஹேரியட் இப்போது மவுண்ட் மணிப்பூர். டிக்கெட்டில் புதுப்பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர்தான் வரும். இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் தவறான படகுக்கு டிக்கெட் எடுக்க மாட்டீர்கள்.

எப்போது போவது

டிசம்பர் கடைசியில் இருந்து ஏப்ரல் வரை நல்லது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, மே மாத நடுவிலோ அதை ஒட்டியோ அந்தமானைத் தொட்டுவிடும். அது ஓய்ந்தபின் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. காசிமேட்டுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்வது: வங்கக்கடலில் உருவாகும் புயல்களில் பல அந்தமான் பக்கத்தில்தான் தாழ்வுப்பகுதியாகத் தலைகாட்டுகின்றன. நம் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதற்குச் சில நாள் முன்பே அங்கே அலை ஏறி, தீவுப் படகுகள் நின்றிருக்கும். அக்டோபர், நவம்பரில் டிக்கெட் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏப்ரலில் போனால் அறை எடுக்கும் முன் தண்ணீர் நிலவரத்தைக் கேளுங்கள். நகரத்துக்கு முக்கியமான நீர் ஆதாரம் தனிக்காரி அணை. கோடையில் அதன் மட்டம் இறங்கினால் குழாயில் தினமும் தண்ணீர் வராது. தொட்டி பெரிதாக உள்ள விடுதியா என்று கேட்பதில் தவறில்லை.

விமானமா, கப்பலா

நாலைந்து நாள்தான் லீவு என்றால் விமானம் மட்டுமே. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எங்கே ஏறினாலும் மீனம்பாக்கத்துக்கு மெட்ரோவில் ஒரே ரயில்தான். ஆனால் அதிகாலை விமானத்துக்கு முதல் மெட்ரோவை நம்பாதீர்கள், நேரம் போதாது. காருக்கு முந்தின இரவே சொல்லி வையுங்கள்.

இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட்டும் வேண்டாம், போர்ட் பிளேருக்குத் தனி அனுமதியும் வேண்டாம். அசல் அடையாள அட்டையும், ஆளுக்கு நாலைந்து ஜெராக்ஸும் போதும். ஜெராக்ஸை இங்கேயே மண்ணடியில் எடுத்துக்கொண்டு போவது நல்லது. பாராடாங் தீவு போன்ற இடங்களுக்குப் படிவத்தோடு கேட்பார்கள், விடியற்காலையில் கடை திறந்திருக்காது.

கப்பலை வடசென்னைக்காரர்கள் கட்டாயம் யோசிக்கலாம், துறைமுகம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் துறைக்கு ராஜாஜி சாலையில் அலுவலகம் இருக்கிறது. புறப்படும் தேதியைப் பீச் ஸ்டேஷனில் இறங்கி நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். மாதத்துக்குச் சில பயணங்கள்தான், தேதியும் நிலையானதல்ல. ஒரு கப்பல் பழுதுபார்க்கப் போனால் அட்டவணையே மாறும். தீவுவாசிகளுக்குக் கட்டணம் குறைவு, ஒதுக்கீடும் தனி. அந்தக் கட்டணத்தைக் கேள்விப்பட்டு அதே பணத்தோடு போனால் கவுண்டரில் ஏமாற்றம்தான்.

பயணம் 60 மணி நேரத்துக்குக் குறையாது. கணக்குக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது கப்பல், திரும்பும்போது விமானம் என்பதே சரியான ஏற்பாடு. மாற்றிப் போட்டால், திரும்பும் கப்பல் தள்ளிப்போகும்போது லீவும் அறை வாடகையும் சேர்ந்து இழுக்கும்.

பங்க் வகுப்பு என்பது பெரிய கூடம், வரிசையாக அடுக்குப் படுக்கை. தேர்ந்தெடுக்க முடிந்தால் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்ப்படுக்கையைக் கேளுங்கள். முன்முனையும் பின்முனையும் சீசா பலகை மாதிரி ஏறி இறங்கும், நடுவில் ஆட்டம் குறைவு. மேல் தளத்துக்கு வந்து அடிவானத்தைப் பார்த்தபடி நின்றால் தலைசுற்றல் தணியும், படுத்துக்கொண்டு போன் பார்த்தால் கூடும். வாந்தி மாத்திரையைக் குமட்டல் வந்தபின் போட்டால் வயிற்றில் தங்காது. டாக்டரிடம் கேட்டு வாங்கி, கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும். போர்வை, தலையணை உறை, பூட்டோடு சங்கிலி, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். புளிசாதம் முதல் நாளோடு சரி. அடுத்த இரண்டு நாளுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும், முறுக்கும், எலுமிச்சை ஊறுகாயும் தாங்கும். கேன்டீன் உண்டு, ஆனால் வரிசை நீளம். கரை மறைந்த சில மணி நேரத்தில் போன் சிக்னல் போய்விடும் என்பதை வீட்டில் சொல்லிவிட்டு ஏறுங்கள், இல்லாவிட்டால் பயந்துவிடுவார்கள். கப்பல் ஹேடோ துறையில் கட்டும், அங்கிருந்து நகரம் ஆட்டோ தூரம்தான்.

எந்தக் கிழமையில் இறங்குவது

பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ராஸ் தீவுக்குப் புதன் விடுமுறை, சாத்தம் மரம் அறுக்கும் ஆலைக்கு ஞாயிறு, ஜாலி பாய் தீவுக்குத் திங்கள். ஆகவே வியாழன் காலை இறங்கி, திங்கள் கிளம்புவது மிகவும் வசதி. வியாழன் செல்லுலார் சிறை, வெள்ளி ராஸ் தீவும் நார்த் பே கடற்கரையும், சனி சாத்தமும் மவுண்ட் மணிப்பூரும், ஞாயிறு ஜாலி பாய். எதுவும் மூடியிருக்காது. ஹேவ்லாக்கும் போக வேண்டுமானால் கூடுதலாக இரண்டு இரவு சேருங்கள். போர்ட் பிளேரை வெறும் இறங்கு துறையாக நினைத்து ஒரே இரவில் தாண்டிப் போவது பெரிய இழப்பு.

தங்குவதற்கு அபர்தீன் பஜார் பக்கம் பாருங்கள். மணிக்கூண்டு, கடைகள், மோகன்புரா பஸ் நிலையம், ராஸ் தீவுப் படகுத்துறை எல்லாம் பக்கம் பக்கம். தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர், வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் பெரிய விழா. ஆனாலும் ஊரின் பொதுமொழி இந்திதான். ஓட்டலில் மீனுக்கு இந்திப் பெயர் சொல்வார்கள், 'சுர்மை' என்றால் நம் வஞ்சிரம். எடைக்கு விலை போடும் கடையில் சமைக்கும் முன்பே எடையையும் விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செல்லுலார் சிறைக்குக் காலை திறந்ததும் போய்விடுங்கள். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த கட்டடம். நடுவில் காவல் கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரம்போல ஏழு கிளைகள். இப்போது நிற்பவை மூன்று. ஒவ்வொரு கிளையின் அறைவாசலும் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்தபடி இருப்பதைக் கவனியுங்கள். எதிர் அறைக்காரன் முகம்கூடத் தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். கோபுரச் சுவரில் மாகாணவாரியாகக் கைதிகளின் பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். அவசரப்படாமல் நின்று படியுங்கள், இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டிய இடம் இது. மாலை ஒலி ஒளிக் காட்சிக்குத் தனி டிக்கெட், சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும். இந்திக் காட்சியா, ஆங்கிலக் காட்சியா என்று பார்த்து வாங்குங்கள்.

ராஸ் தீவுக்கு அபர்தீன் ஜெட்டியில் படகு. வாங்கிய டிக்கெட்டில் உள்ள படகின் பெயரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். திரும்பும்போதும் அதே படகில்தான் ஏற்றுவார்கள். கரையில் பத்துப் படகு ஒரே மாதிரி நிற்கும்போது தவிப்பவர்கள் அதிகம். பழைய தேவாலயத்தையும் வீடுகளையும் ஆலமர வேர்கள் கவ்விப் பிடித்திருக்கும் காட்சிதான் இங்கே முக்கியம். புள்ளிமான்கள் கிட்டே வரும், பிஸ்கட் போடாதீர்கள்.

சாத்தம் ஆலை 1883இல் வந்தது. படாக் மரத்தின் செந்நிறப் பலகைகளையும், இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்த பள்ளத்தையும் பார்த்துவிட்டு, அங்கேயே சாத்தம் ஜெட்டியில் பாம்பூ ஃபிளாட் படகு ஏறுங்கள். சில நிமிடத்தில் அக்கரை. மவுண்ட் மணிப்பூருக்கு இதுவே குறுக்குவழி, சாலையில் சுற்றிப் போனால் பல கிலோமீட்டர் கூடும். இருசக்கர வண்டியையும் படகில் ஏற்றலாம். செம்மஞ்சள் நிறப் பழைய 20 ரூபாய் நோட்டு ஒன்றைப் பையில் கொண்டுபோங்கள். அதன் பின்பக்கத்துப் படம் மலைப்பாதையில் இருந்து தெரியும் நார்த் பே கலங்கரை விளக்கம்தான், பிள்ளைகள் நோட்டையும் கடலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஜாலி பாய் தீவு மழைக்காலத்தில் மூடியிருக்கும், அப்போது ரெட் ஸ்கின் தீவைத் திறப்பார்கள். இரண்டும் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அனுமதியை முந்தின நாளே எடுத்துவிட்டு, காலையிலேயே வண்டூர் ஜெட்டிக்குப் போய்விட வேண்டும். மோகன்புராவில் பஸ் உண்டு. ஏறும் முன் பையைச் சோதிப்பார்கள், பிளாஸ்டிக் கவர், சிப்ஸ் பாக்கெட் எதையும் விடமாட்டார்கள். தீவில் சாப்பாட்டுக் கடை கிடையாது. எவர்சில்வர் டிபன் பாக்ஸில் இட்லி, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் என்று போனால் எந்தத் தகராறும் இல்லை. பவளப்பாறை மேல் காலை ஊன்றாதீர்கள். அது உயிருள்ளது, ஒரு மிதியில் உடைவது வளரப் பல வருடம் பிடிக்கும். வண்டூர், கார்பின்ஸ் கோவ் கடற்கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும். அதை அப்படியே நம்புங்கள், வலை கட்டிய எல்லைக்கு வெளியே இறங்கவே கூடாது.

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்கு நள்ளிரவு தாண்டியதும் கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசை போட்டு, வாகன அணியாகத்தான் போக முடியும். வழி ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகம் வழியாகச் செல்கிறது. நிறுத்துவது, படம் எடுப்பது, தின்பண்டம் கொடுப்பது எல்லாமே குற்றம். அவர்களைப் 'பார்க்கலாம்' என்று ஆசை காட்டும் டிரைவரை அமர்த்தாதீர்கள். கைக்குழந்தையும் முதியவர்களும் உள்ள குடும்பம் இந்தப் பயணத்தை விட்டுவிட்டு, 25 கிலோமீட்டரில் உள்ள சிடியா டாப்புவில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம். டிசம்பரில் 4.30க்கே அங்கே இருக்க வேண்டும்.

ஹேவ்லாக்கோ நீலோ போனால், விமானத்துக்கு முந்தின இரவு போர்ட் பிளேரில் இருப்பது கட்டாயம். காற்று கூடினால் படகை ரத்து செய்வார்கள், அதற்காக விமானம் காத்திருக்காது. அரசுப் படகு மெதுவானது, ஆனால் மலிவு. தனியார் படகு வேகம். அலை அதிகமானால் இரண்டும் நிற்கும்.

கடைசியாகப் பெட்டி கட்டும்போது பிள்ளைகளின் பைகளைக் கவிழ்த்துப் பாருங்கள். கரையில் பொறுக்கிய பவளத்துண்டோ சங்கோ இருந்தால் அங்கேயே போட்டுவிட வேண்டும். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, விமான நிலையச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். சங்குப் பொருள் வேண்டுமென்றால் அரசின் சாகரிகா கடையில் வாங்கி, ரசீதைப் பெட்டியின் மேலடுக்கில் வையுங்கள்.