பெட்ரோல் காரை சி.என்.ஜி.க்கு மாற்றுவது எப்படி: கணக்கு, கிட், காகிதங்கள்

தமிழ்நாட்டில் பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாயை ஒட்டியே நின்றுவிட்டதால், ஓடிக்கொண்டிருக்கும் காரிலேயே சி.என்.ஜி. (அழுத்தி அடைத்த இயற்கை வாயு) கிட், அதாவது அந்த வாயுவில் வண்டியை ஓடவைக்கும் கருவித் தொகுப்பு, பொருத்திக்கொள்ளலாமா என்று பலரும் விசாரிக்கிறார்கள். பொருத்தலாம், ஆனால் அது எல்லாருக்கும் லாபம் தராது என்பதால், ஒர்க்ஷாப்புக்குப் போகுமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

பெட்ரோல் லிட்டரிலும் சி.என்.ஜி. கிலோவிலும் விற்கப்படுவதால் விலைகளை நேராக ஒப்பிடக் கூடாது. ஒரு கிலோ சி.என்.ஜி.யின் ஆற்றல் ஏறக்குறைய 1.4 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம் என்பதால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் கிலோவுக்குச் சுமார் 21 கிலோமீட்டர் ஓடும். பெட்ரோல் 100 ரூபாய், சி.என்.ஜி. 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு ஆகும் செலவு 6.67 ரூபாயிலிருந்து 4.29 ரூபாயாகக் குறைகிறது. கிட்டுக்கு 60,000 ரூபாய் செலவானால், அதை மீட்கவே சுமார் 25,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இது ஒன்றரை ஆண்டுக்குள் முடியும். 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வண்டி குளிர்ந்த நிலையில் பெட்ரோலில் கிளம்பி, என்ஜின் சூடான பிறகே வாயுவுக்கு மாறும் என்பதால், கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மட்டுமே போய்வரும் காரில் இந்தச் சேமிப்பும் முழுதாகக் கிடைக்காது. பங்க் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், அங்கே வரிசை எவ்வளவு நீளம் என்பதையும் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாபம் உண்டு என்று தெரிந்தால், உங்கள் காரின் மாடலுக்கென்றே ஒப்புதல் பெற்ற சீக்குவென்ஷியல் கிட்டை (என்ஜினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக, முறைப்படி வாயு செலுத்தும் வகை), அனுமதி பெற்ற மையத்தில் மட்டும் பொருத்துங்கள். பி.எஸ்.-6 (பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) பெட்ரோல் வாகனங்களிலும் இவ்வாறு பொருத்துவதற்கு 2022-இல் மத்திய அரசு அனுமதி அளித்தது. எனினும், கார் இன்னும் வாரன்டியில் இருந்தால் நிறுவனத்திடம் கேட்டுவிட்டே கை வையுங்கள். சிலிண்டரில் வாயு 200 பார் அழுத்தத்தில் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு) அடைக்கப்படுகிறது. அது அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரில் விரியும்போது கடுமையாகக் குளிரும் என்பதால், என்ஜினில் சூடேறிய கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ரெகுலேட்டர் வழியே ஓடும்படி இணைப்பார்கள். ஆகவே கூலன்ட் குழாய் இணைப்புகளில் கசிவு இல்லை என்பதை வண்டியை எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். டிக்கியில் இடம் பெரும்பாலும் போய்விடும். இழுவையும் ஓரளவு குறையும். வீட்டுச் சமையல் சிலிண்டரை வண்டியில் பொருத்தித் தருவதாகச் சொல்பவரிடம் பேச்சே வேண்டாம். அது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து.

ஒர்க்ஷாப்காரர் “பேப்பரெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்பார், அதை ஏற்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, இந்த மாற்றம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாகி, ஆர்.சி.யில் எரிபொருள் வகை திருத்தப்பட வேண்டும். கடனில் வாங்கிய கார் என்றால், வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் முதலில் தேவை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்து, சிறிது கூடுதல் பிரீமியம் கட்டி, பாலிசியில் கிட்டைச் சேர்த்துவிடுங்கள். சேர்க்காமல் விட்டால், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது அதுவே மறுப்புக்குக் காரணமாகலாம்.

ஓட்டத் தொடங்கிய பிறகு, பெட்ரோல் டேங்க்கை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். பம்ப் வறண்டு ஓடினால் பழுதாகும். வெயில் உச்சியில் நிரப்பினால் சூட்டில் அழுத்தம் சீக்கிரம் ஏறி, வாயு குறைவாகவே அடங்கும் என்பதால், காலையிலோ இரவிலோ நிரப்புவது நல்லது. நிரப்பும்போது எல்லாரும் காரை விட்டு இறங்கிவிட வேண்டும். வாயு நாற்றம் அடித்தால் என்ஜினை நிறுத்தி, கதவுகளைத் திறந்துவிட்டு, சிலிண்டர் வால்வைக் கையால் மூடுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் (நீரை அழுத்தி நிரப்பி உறுதியைச் சோதிப்பது) செய்வது கட்டாயம். அந்தத் தேதி தாண்டிய வண்டிக்குப் பங்க்கில் வாயு நிரப்ப மறுப்பார்கள்.