ஜாஸ் பாஸின் இரைச்சல் அடங்கியது

என்னிடம் இருக்கும் பாஸ் கிட்டார்களில் நான் அதிகம் நோண்டியது, பழையதாக வாங்கிய ஜாஸ் பாஸ் வகை ஒன்றைத்தான். ஆம்ப்பில் இணைத்ததும் ஓயாத இரைச்சல். கம்பிகளைத் தொட்டாலும் குறையவில்லை. துப்பு அதில்தான் இருந்தது. தொட்டதும் குறைந்தால் கிரவுண்ட் (தரை இணைப்பு) சரி, உள்ளே ஷீல்டிங் (வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உறை) போதவில்லை என்று பொருள். இங்கே கிரவுண்டிலேயே சந்தேகம்.

மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜிலும் மற்றதைக் கேபிள் செருகும் ஜாக்கின் கிரவுண்ட் முனையிலும் வைத்தேன். தொடர்பே இல்லை. பிரிட்ஜைக் கழற்றினால், அடியில் வர வேண்டிய வயர் அறுந்து கிடக்கிறது! புது வயர் போட்டதும் பாதி இரைச்சல் போயிற்று.

அப்புறம் மீதி இரைச்சலுக்கு, குமிழ்களின் வயர்கள் இருக்கும் கன்ட்ரோல் குழிக்குள் ஷீல்டிங்காகச் செம்பு டேப் ஒட்டினேன். எல்லா டேப்பின் பசையும் மின்சாரத்தைக் கடத்தும் என்று சொல்ல முடியாது. அதனால் இணைப்புகளில் ஈயப் பற்று வைத்து, ஒரு வயரால் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். ஜாக்கின் சிக்னல் முனை டேப்பில் பட்டால் சத்தமே வராது, கவனம்.

இந்த பாஸில் இரண்டு பிக்கப்புகள் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காயில்கள்), ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்யூம். ஒரு வால்யூமை மட்டும் குறைத்தால் இன்னும் லேசாக முனகும். சிங்கிள் காயில் பிக்கப்பின் இயல்பு அது, டேப் தடுக்காது. இரண்டு வால்யூமும் முழுதாகத் திறந்திருந்தால், எதிரெதிராகச் சுற்றிய காயில்கள் ஒன்றின் முனகலை மற்றது அடித்துவிடும். நான் அப்படியே வாசிக்கிறேன். பிக்கப் மாற்ற மனமில்லை.