மேல்காற்றுச் சாரலுக்குக் கழற்றி மாட்டும் ஜன்னல் தடுப்பு

ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலையை மட்டுமா சுற்றுகிறது? மேற்கு பார்த்த ஜன்னல் இருந்தால் சாரல் கட்டில் வரைக்கும் வந்துவிடும். சன்ஷேடு நேராக விழும் மழைக்குத்தான். படுக்கையாக அடிக்கிற சாரலுக்கு, சீசனில் மாட்டி அப்புறம் கழற்றி வைக்கும் தெளிவான பாலிகார்பனேட் ஷீட் நல்ல வழிங்க. மேற்கு, தென்மேற்கு ஜன்னல்களுக்கு மட்டும் போட்டால் போதும். சமையலறை ஜன்னலை விட்டுவிடுங்கள், கேஸ் அடுப்புக்குக் காற்றோட்டம் வேண்டும். வெளியே துருத்தும் பாக்ஸ் கிரில்லுக்கு இந்த முறை சரிவராது.

எதை வாங்குவது

4 மி.மீ. காம்பாக்ட் ஷீட் (உள்ளே குழல் இல்லாத கெட்டி ஷீட்) கேளுங்கள். நாலுக்கு மூன்றடித் துண்டு ஐந்தரைக் கிலோதான் இருக்கும். அக்ரிலிக் மலிவாகக் கிடைத்தாலும் துளை போடும்போதே விரிசல் விடலாம், வேண்டாம். கூடவே 8 மி.மீ. ஆங்கர் போல்ட் (சுவருக்குள் விரிந்து பிடிப்பது), விங் நட் (விரலால் திருகும் சிறகு வைத்த நட்), அகலமான வாஷர், ஈபிடிஎம் ரப்பர் வாஷர். பிவிசி வாஷர் நாளடைவில் பாலிகார்பனேட்டைக் கெடுக்கும்.

ஷீட்டைத் தயார் செய்வது

திறப்பைவிட நாலு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக வெட்டி வாங்குங்கள். கீழே ஜன்னலின் அடித்திட்டு துருத்தினால் அதற்கு மேலேயே ஷீட்டை முடித்துவிடலாம். ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி, அடிக்கு ஒன்றாகத் துளை. துளை 12 மி.மீ. இருக்கட்டும். வெயிலில் இந்த ஷீட் இரண்டு மூன்று மி.மீ. விரியும், இடம் இல்லாவிட்டால் வளைந்து நிற்கும். புற ஊதாப் பூச்சு உள்ள பக்கம் எதுவென்று ஒட்டியிருக்கும் படலத்தில் போட்டிருக்கும். அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும்.

சுவரில் துளை

வேலையே இதில்தான். ஷீட்டைச் சுவரில் பிடித்து, துளைகளின் நடுவில் பென்சிலால் குறியுங்கள். ஹேமர் டிரில்லில் ஆங்கர் பெட்டியில் போட்டிருக்கும் அளவு பிட்டை மாட்டுங்கள். முதலில் சாம்பல் நிறத் தூள் கொட்டும், அது பூச்சு. கொஞ்சம் போனதும் தூள் சிவப்பாக மாறினால் செங்கல்லைத் தொட்டுவிட்டீர்கள். ஆங்கர் பிடிக்க வேண்டியது அங்கேதான். பக்கச் சுவரில் கடைசி வரை சாம்பலாகவே வந்தால் கல் இடுக்கில் இறங்குகிறது, ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள், ஷீட்டிலும் துளையை அதற்கேற்ப மாற்றுங்கள். ஜன்னலுக்கு மேலே கான்கிரீட் லிண்டல் இருந்தால் அங்கே தூள் சாம்பலாகத்தான் வரும், அது பரவாயில்லை. ஹாலோ பிளாக் சுவர் என்றால் தூள் நிறத்தை நம்ப முடியாது. பிட் திடீரென்று உள்ளே விழும். அதற்கென்றே உள்ள ஆங்கரைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

துளைத் தூளை ஊதிவிட்டு ஆங்கரைத் தட்டி இறக்கி, ஸ்பேனரால் இறுக்குங்கள். போல்ட்டின் மரைப் பகுதி வெளியே ஓர் அங்குலம் நிற்கட்டும்.

மாட்டுவது

வெளிப்புறம் திறக்கும் கதவுகளை முதலில் சாத்துங்கள். ஷீட்டை மரைகளில் கோத்து, ரப்பர் வாஷர், இரும்பு வாஷர், விங் நட் என்று போடுங்கள். விரல் பலமே போதும். பிளையர் போட்டு முறுக்கினால் ஷீட் அமுங்கிவிடும். மாடி ஜன்னலுக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். காற்று அடிக்கும்போது ஏணியில் ஷீட்டோடு ஏறக் கூடாது, அது பாய்மரம் மாதிரி ஆளையே இழுக்கும்.

கழற்றினதும் சோப்புத் தண்ணீரில் மெத்தென்ற துணியால் கழுவினால் போதும். தின்னர், பெட்ரோல் பட்டால் வெடிப்பு விடும். எந்த ஜன்னலுடையது என்று மூலையில் எழுதி, நிழலில் நிறுத்தி வையுங்கள். சுவரில் நிற்கும் மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் மூடி போட்டுவிடுங்கள்.