தனி மியூசிக் பிளேயர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டு கேட்பதற்கென்றே தனியாக ஒரு கருவி வேண்டும் என்று தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நடைப்பயிற்சியில் போன் மணி குறுக்கிடுவதை விரும்பாதவர்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையிடம் போனைக் கொடுக்கத் தயங்கும் பெற்றோர், ஸ்மார்ட்போன் பழகாத அப்பாவுக்குக் கச்சேரிகளைப் போட்டுத் தர நினைப்பவர்கள், அலமாரி நிறைய சிடி சேர்த்து வைத்திருப்பவர்கள். இவர்களில் பலர் கடைக்குப் போய் ஏமாற்றத்தோடுதான் திரும்புகிறார்கள். சந்தையின் நடுப்பகுதி பெருமளவு காலியாகிவிட்டதுதான் இதற்கு முதல் காரணம்.

2001 அக்டோபரில் 5 ஜிபி வன்தட்டோடு வந்த ஐபாட் இந்தப் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. 2014இல் ஐபாட் கிளாசிக்கை ஆப்பிள் நிறுத்தியது. 2017இல் நானோவும் ஷஃபிளும் போயின. 2022 மே மாதம் கடைசியாக மிஞ்சியிருந்த ஐபாட் டச்சும் நிறுத்தப்பட்டது. சட்டையில் குத்திக்கொள்ளும் அளவில் சான்டிஸ்க் விற்ற கிளிப் பிளஸ், கிளிப் ஜிப் போன்ற எளிய, நல்ல கருவிகளும் இன்று தயாரிப்பில் இல்லை. இப்போது ஒரு பக்கம் சில நூறு ரூபாய்க்குப் பெயரில்லாத கருவிகள். மறுபக்கம் சோனி, ஆஸ்டெல் அண்ட் கெர்ன் போன்றவற்றின் விலையுயர்ந்த பிளேயர்கள். இடையில் ஃபியோ, ஹைபி, ஷான்லிங் ஆகிய சீன நிறுவனங்களின் சில மாடல்கள் மட்டும் நடுத்தர விலையில் கிடைக்கின்றன. தேர்வு இவ்வளவு சுருங்கிப்போன நிலையில் தவறான அளவுகோலோடு வாங்கினால் பணம் வீண்தான்.

மிகப் பெரிய தவறு, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்த்து முடிவு செய்வது. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், இரட்டை டாக் சிப் (எண்களாகப் பதிந்த ஒலியைக் காதுக்கான ஒலியாக மாற்றும் சில்லு) என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பாட்டுகளை எப்படி வரிசைப்படுத்தும், நிறுத்திய இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுமா, தமிழைக் காட்டுமா என்று எந்தப் பெட்டியிலும் போட்டிருக்காது. வாங்கிய ஒரு மாதத்தில் பிளேயர் மேசை இழுப்பறைக்குள் போய்விடுவதற்குப் பெரும்பாலும் இந்த விஷயங்களே காரணம். ஒலித்தரம் காரணமாக இருப்பது அபூர்வம். ஓரளவு நல்ல நிறுவனத்தின் எந்தக் கருவியும் இன்று சிடி தரத்தில் சுத்தமாகவே ஒலிக்கிறது. சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவே (விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளப்பது) 20 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலான ஒலிவரை பிடித்துவைக்கிறது. மனிதக் காது அதற்குமேல் கேட்பதில்லை. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பு ஆறு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். கேட்பவருக்கு அதனால் கிடைக்கும் லாபத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை.

பாட்டைத் தேடி எடுப்பதில் இருக்கும் தொல்லை

இந்தக் கருவிகளின் மென்பொருள் 'பாடகர், அவருடைய ஆல்பம், அதிலுள்ள பாட்டு' என்ற வரிசையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மேற்கத்திய இசைக்கு அது சரி. நம் திரையிசையில் ஒரே படத்தின் ஆறு பாட்டை எட்டுப் பேர் பாடியிருப்பார்கள். பாடகர் பெயரில் வகைப்படுத்தும் பிளேயர் அந்த ஒரு படத்தைப் பல துண்டுகளாக உடைத்து, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு பாட்டை வைத்துவிடும். நாம் தேடுவதோ படத்தின் பெயரையும் இசையமைப்பாளரின் பெயரையும்தான்.

இதற்கு வழி இருக்கிறது. கோப்புக்குள் பாட்டின் விவரங்களைப் பதியும் இடத்தில் 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்று தனிப் புலம் ஒன்று உண்டு. அதில் இசையமைப்பாளர் பெயரை நிரப்பிவிட்டால் படம் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். எம்பி3டேக், மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்டு போன்ற இலவச மென்பொருள்களில் ஒரு படத்தின் எல்லாப் பாட்டுகளையும் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் இதைச் செய்துவிடலாம். அந்தப் புலத்தைப் பிளேயர் படிக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். படிக்காத பிளேயராக இருந்தால், ஃபோல்டர் வழியாகத் திறந்து கேட்கும் வசதியாவது வேண்டும். இசையமைப்பாளருக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் படத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று அடுக்கிவைத்தால் எந்தக் கருவியிலும் குழப்பம் வராது. அந்த வசதியும் இல்லாத பிளேயரை வாங்கவே வேண்டாம்.

எழுத்துக்கூட்டலில் ஒழுங்கு இல்லாமல் விடுவதும் இதே வகைத் தவறு. இளையராஜா பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் பிளேயருக்கு அவர் வேறு ஆள். முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைப்பதா, இடைவெளி விடுவதா என்பதில்கூட இந்தச் சிக்கல் உண்டு. ஒன்றை முடிவு செய்து எல்லாக் கோப்புகளிலும் அதையே வையுங்கள். பாட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் இணையதள முகவரிகளையும் அப்போதே நீக்கிவிடலாம்.

பெயர்களைத் தமிழிலேயே வைக்க வேண்டும் என்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். யூனிகோடு தமிழில் 'தெ' என்ற எழுத்தைச் சேமிக்கும்போது 'த' முதலிலும் கொம்பு பின்னாலும் இருக்கும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டியது கருவியின் வேலை. ஆண்ட்ராய்டில் இயங்கும் பிளேயர்கள் இதைச் சரியாகச் செய்கின்றன. சொந்தமாகச் சிறு மென்பொருள் வைத்திருக்கும் கருவிகள் பலவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது பெயர் முழுவதும் வெறும் கட்டங்களாகத் தெரியும். சீனமும் ஜப்பானியமும் அழகாகத் தெரிவதைப் பார்த்துத் தமிழும் தெரியும் என்று நம்பிவிடக் கூடாது. அந்த எழுத்துகளுக்கு இப்படி இடம் மாற்றும் வேலை இல்லை.

கச்சேரியை வெட்டும் மௌனம்

கர்நாடக இசை கேட்பவர்கள் இதை விலையைவிட முக்கியமாகக் கருத வேண்டும். கச்சேரி சிடிகளில் ராகம், தானம், பல்லவி ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களாகப் பிரித்திருப்பார்கள். இசை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். சாதாரண பிளேயர் ஒரு தடம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் அரை விநாடி மௌனத்தைச் செருகிவிடும். கிருதியிலிருந்து தனி ஆவர்த்தனத்துக்குப் போகும் இடத்தில் அந்த அரை விநாடி தாளத்தையே முறித்துவிடுகிறது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்பவருக்கு அதைவிட எரிச்சல் வேறில்லை.

எம்பி3யாக மாற்றும்போது ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்கிறது. லேம் என்ற மாற்றி அந்த மௌனத்தின் நீளத்தைக் கோப்புக்குள்ளேயே குறித்துவைக்கும். அந்தக் குறிப்பைப் படித்து, மௌனத்தை வெட்டத் தெரிந்த பிளேயர் தொடர்ச்சியாக இசைக்கும். ஒலி இழப்பில்லாமல் சுருக்கும் ஃபிளாக் வகைக் கோப்புகளில் இந்த ஒட்டு மௌனமே கிடையாது. ஆனால் அடுத்த கோப்பைத் திறப்பதற்குள் தடுமாறும் கருவி அங்கும் இடைவெளி விடும். ஆகவே இடைவெளியில்லாமல் இசைக்கும் 'கேப்லெஸ்' வசதி உண்டா, எந்தெந்தக் கோப்பு வகைகளுக்கு உண்டு என்பதை விவரக் குறிப்பில் தேடிப் பாருங்கள்.

உபன்யாசமும் பட்டிமன்றமும் கேட்பவர்களுக்கு வேறொரு தேவை உண்டு. ஒன்றரை மணி நேரப் பேச்சில் ஐம்பதாவது நிமிடத்தில் அணைத்தால், மறுநாள் அதே இடத்தில் தொடங்க வேண்டும். விலை குறைந்த கருவிகள் பலவும் முதலிலிருந்தே தொடங்கும். வயதானவர்களுக்கு வாங்கித் தரும்போது இந்த ஒரு வசதிக்காக மற்ற எதையும் விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து.

சில நூறு ரூபாய்க் கருவிகளில் விசித்திரமாகத் தோன்றும் இன்னொரு தொல்லை, பாட்டு வரிசை கலைந்து போவது. 01, 02 என்று எண் கொடுத்திருந்தும் ஏழாவது பாட்டு முதலில் வரும். இவை பெயரைப் பார்ப்பதே இல்லை. மெமரி கார்டில் எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடுகின்றன. கம்ப்யூட்டரிலிருந்து மொத்தமாக நகலெடுக்கும்போது எழுதப்படும் வரிசை மாறிப்போக வாய்ப்புண்டு. ஃபாட்சார்ட் போன்ற சிறு மென்பொருளைக் கார்டின்மேல் ஒருமுறை ஓட்டினால் வரிசை நேராகிவிடும். கருவி பழுதென்று தூக்கிப் போட வேண்டியதில்லை.

கடையில் வாங்குவதாக இருந்தால் சோதனைக் கார்டு ஒன்றைத் தயார் செய்து எடுத்துப் போங்கள். பல பாடகர்கள் பாடிய ஒரு படம், இடைவெளியில்லாமல் ஓடும் ஒரு ராகம் தானம் பல்லவி, தமிழில் பெயர் வைத்த ஒரு பாட்டு, ஒரு நீண்ட உபன்யாசம், ஒரு ஃபிளாக் கோப்பு ஆகியவை போதும். பத்து நிமிடத்தில் கருவியின் குணம் தெரிந்துவிடும். இணையத்தில் வாங்குபவர்கள் நிறுவனத்தின் தளத்தில் கிடைக்கும் பயன்பாட்டுக் கையேட்டைப் பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிட வேண்டும்.

கோப்பும் கார்டும்

நல்ல பிளேயரை வாங்கிவிட்டு அதில் மட்டமான கோப்புகளைப் போடுவதால் பயனில்லை. விநாடிக்கு 128 கிலோபிட் எம்பி3யை எடுத்து 320 என்றோ ஃபிளாக் என்றோ மாற்றிப் பெயர் சூட்டிய கோப்புகள் ஏராளமாக உலவுகின்றன. அளவு பெருத்திருக்கும்; போன ஒலி திரும்பியிருக்காது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஒலியலைகள் வண்ணப் படமாகத் தெரியும். 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் அறுத்ததுபோல் நேர்கோட்டில் படம் முடிந்து, அதற்குமேல் ஒரே கறுப்பாக இருந்தால் அது 128இலிருந்து வந்தது என்று பெரும்பாலும் சந்தேகிக்கலாம். பழைய ஒலிநாடாப் பதிவுகளில் மேல் ஒலிகள் இயல்பாகவே குறைவாக இருக்கும். அங்கே படம் மெல்ல மங்கும், இப்படி அறுபட்டு நிற்காது. சொந்த சிடி இருந்தால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் கொண்டு ஃபிளாக்காக எடுத்துவைப்பதே சிறந்தது. ஐந்து நிமிடப் பாட்டு ஃபிளாக்கில் சுமார் 30 எம்பி, 320 கிலோபிட் எம்பி3யில் 12 எம்பி வரும். 128 ஜிபி கார்டில் முதல் வகை ஏறத்தாழ நாலாயிரமும், இரண்டாவது வகை பத்தாயிரமும் அடங்கும்.

ஸ்ட்ரீமிங் செயலியில் 'டவுன்லோடு' செய்த பாட்டுகளைப் பிளேயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்கிவிடுபவர்கள் பலர். அவை பூட்டிய கோப்புகள். அந்தச் செயலிக்கு வெளியே திறக்காது. செயலியில் மட்டுமே கேட்கும் பழக்கம் உள்ளவருக்கு ஆண்ட்ராய்டு பிளேயர் வேண்டும். இல்லையென்றால் கையிலிருக்கும் போனோடு இயர்போனைச் செருக ஒரு சிறு யூஎஸ்பி டாங்கிளை மாட்டிக்கொண்டு பணத்தை மிச்சப்படுத்தலாம்.

மெமரி கார்டில் போலிகள் மலிந்துவிட்டன. 16 ஜிபி கார்டின் உள்மென்பொருளை மாற்றி 512 ஜிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். 16 ஜிபி நிறையும்வரை எல்லாம் சரியாக இருக்கும். அதன்பின் எழுதுவது பழைய பாட்டுகளின் மேலேயே விழும், அல்லது காணாமல் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 ஆகிய கருவிகள் கார்டை முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். பாட்டு ஏற்றும் முன் இந்தச் சோதனையை ஓடவிடுங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு அமைப்பில் வருகின்றன என்பதும் நினைவில் இருக்கட்டும். பழைய பிளேயர்கள் அவற்றைப் படிக்காது. ஃபாட்32 அமைப்புக்கு மாற்றினால் சிலவற்றில் வேலை செய்யும்.

காதும் கையும்

பிளேயருக்கு இருபதாயிரம், இயர்போனுக்கு ஐந்நூறு என்று பிரிப்பது தலைகீழான கணக்கு. ஒலியில் பெரிய வித்தியாசத்தைத் தருவது இயர்போன்தான். 16 முதல் 32 ஓம்ஸ் மின்தடை உள்ள சாதாரண இயர்போன்களுக்குச் சிறு பிளேயரே போதும். 250, 300 ஓம்ஸ் ஹெட்போன்களுக்கு மட்டுமே அதிக சக்தி வேண்டும். 4.4 மில்லிமீட்டர் துளைக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன், அதில் செருகும் முனை கொண்ட இயர்போன் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். நுண்ணுணர்வு மிகுந்த இயர்போன்களை மாட்டும்போது சில சக்திவாய்ந்த பிளேயர்களில் மெல்லிய இரைச்சல் கேட்கும். மிகக் குறைந்த ஒலியளவே இரவில் அதிகமாகத் தோன்றும். ஆக, சக்தி கூடுவது எல்லோருக்கும் நன்மை இல்லை.

நடந்துகொண்டோ பஸ்ஸில் நின்றுகொண்டோ கேட்பவர்கள் முழுக்கத் தொடுதிரையாக உள்ளதைத் தவிர்க்க வேண்டும். பைக்குள் கைவிட்டுத் தடவியே பாட்டை மாற்ற, பக்கவாட்டில் பொத்தான்களும், தவறி அழுந்தாமலிருக்க ஒரு பூட்டும் வேண்டும். பஸ் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவதும் ஆபத்தான பழக்கம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான வரம்பு. காதை நன்றாக அடைக்கும் சிலிக்கான் முனைகளைப் போட்டால் குறைந்த ஒலியிலேயே வரிகள் தெளிவாகக் கேட்கும்.

புதியவை பிடிக்காமல் பழைய ஐபாடைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. கிளாசிக்கின் சக்கரம் போன்ற வசதியான தேர்வு முறை அதற்குப்பின் வரவில்லை என்றே நானும் எண்ணுகிறேன். ஆனால் அதில் பாட்டை நேரடியாக இழுத்துப் போட முடியாது. ஐடியூன்ஸ் வழியாகவோ, புதிய மேக் என்றால் ஃபைண்டர் வழியாகவோதான் ஏற்ற வேண்டும். ஃபிளாக்கும் பாடாது. ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் இரண்டு தடைகளும் நீங்கும்; ஆனால் எல்லா மாடல்களிலும் அது ஏறாது. வாங்கும் முன் அதன் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பத்து வருடத்துக்கும் மேலான லித்தியம் பேட்டரி தேய்ந்துதான் இருக்கும். பின்பக்கத் தகடு உப்பியிருந்தால் அந்தக் கருவியைத் தொடவே வேண்டாம். உப்பாதிருந்தாலும் பேட்டரி மாற்றும் செலவை விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். உள்ளே சுழலும் வன்தட்டில் 'கிளிக்' சத்தம் கேட்டால் அதை மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.